நூற்றைம்பது வேலைக்காரிகள்

2012ஆம் ஆண்டு ஜூலை 26ஆந் திகதி, அமெரிக்காவின் கலிபோர்ணியா மாநிலத்தில், லூப்பே ஒந்திவேரோஸ் என்னும் நடிகை தமது 69ஆம் வயதிற் காலமானார். அவரைப் பற்றி எழுதுவோரும் பேசுவோரும் ஓர் எண்ணைக் குறிப்பிடத் தவறுவதில்லை. மேடையிலும் திரையிலும் தொலைக்காட்சியிலுமாக ஏறத்தாழ 150 தடவை அவர் வேலைக்காரி வேடம் தாங்கினார் என்பதே அது. அவர் தாமே கூறிய மதிப்பீடு அது. இவ்வெண்ணைச் சிலர் சாதனையாகக் கொண்டாடுகின்றனர்; சிலர் வேடிக்கைச் செய்தியாகச் சொல்லிச் சிரித்துவிட்டு அப்பாற் செல்கின்றனர். எமக்கோ, மாபெருங் கலைத்தொழில் ஒன்று தனக்கெதிராகத் தானே எழுதிவைத்த குற்றப்பத்திரிகையாகவே இது தோன்றுகின்றது.

இந்த நடிகை யார்? 1942இல், டெக்ஸாஸ் மாநிலத்தின் எல்லை நகரமாகிய எல் பாஸோவிற் பிறந்தவர். பெற்றோர் மெக்ஸிக்கோவிலிருந்து வந்து குடியேறி, உணவுச்சாலை நடத்தி வாழ்ந்தவர்கள். மகள் பல்கலைக்கழகஞ் சென்று சமூகசேவைத் துறையிற் பட்டம் பெற்றார். கலிபோர்ணியாவிற் சமூகசேவை உத்தியோகத்தராகப் பல்லாண்டு பணியாற்றினார். படத்துக்கு உப நடிகர் தேவை என்ற விளம்பரமொன்றைக் கண்டு சென்றதே அவரது கலைவாழ்வின் தொடக்கம். ஆங்கிலம் அவர் கற்றுப் பட்டம் பெற்ற மொழி. ஆயினும் நடிகர் தெரிவுக்குச் சென்ற இடங்களிலே திருத்தமான ஆங்கிலம் பேசினால் வேடம் கிடையாது என்பதை அவர் விரைவிற் கண்டுகொண்டார். தயாரிப்பாளர்க்கு வேண்டியிருந்தது, நாத் தடுமாறும் ஒரு மெக்ஸிக்க வேலைக்காரி. பட்டதாரிப் பெண்ணொருவர் தம் தொழிலைச் செய்வதற்காகத் தம் மொழியைத் தாமே முடமாக்கிக்கொள்ள நேர்ந்தது. இதற்கு ஹொலிவூட் வழங்கிய மதிப்பான பெயர் 'குணசித்திர நடிப்பு' என்பது.

இந்த வார்ப்பு ஒந்திவேரோஸுக்காகப் புதிதாகச் செய்யப்பட்டதன்று. 1910களின் மௌனப் படங்களிலேயே மெக்ஸிக்கன் என்றால் கள்வன், கத்தியெடுப்பவன், காமுகன். மெக்ஸிக்கரை இழிவுபடுத்தும் வசைச்சொல்லைப் படங்களின் தலைப்பிலேயே பொறித்து விற்ற காலம் அது. பொறுமையிழந்த மெக்ஸிக்க அரசாங்கம், தம் மக்களை இழித்துக் காட்டும் படக் கம்பனிகளின் படங்களுக்கு 1922இல் தடைவிதித்தது. இலாபத்திற் கைவைக்கப்பட்ட பின்னரே ஹொலிவூட்டின் காது சிறிது கேட்கத் தொடங்கியது.

அதன் பின்னர் கையாளப்பட்ட தந்திரம் நுட்பமானது. மேலான பாத்திரம் வந்தால் அதனை வெள்ளை நடிகர் மேற்கொள்வர். 1952இல் மெக்ஸிக்கப் புரட்சி வீரன் ஸப்பாத்தாவின் கதை படமானபோது நாயகன் மார்லன் பிராண்டோ. மெக்ஸிக்க மண்ணிற் பிறந்த அன்ரனி குவினுக்குக் கிடைத்தது தமையன் வேடம். அந்த உப பாத்திரத்திலேயே அவர் ஒஸ்கார் பரிசை வென்றார் என்பதையும் மறத்தலாகாது. 1958இல் ஓர்சன் வெல்ஸ் இயக்கிய படத்தில் மெக்ஸிக்க அதிகாரியாக வந்தவர், முகத்திற் கபில வர்ணம் பூசிய சார்ள்ற்றன் ஹெஸ்ரன். 1961இல் 'வெஸ்ற் சைட் ஸ்ரோறி' படத்தின் போர்த்தோ ரிக்கோப் பெண்ணாக நடித்தவர் நற்றலி வுட். உண்மையிலேயே போர்த்தோ ரிக்கோவிற் பிறந்த ரீற்றா மொறேனோ இரண்டாம் நிலையில் நின்றார். அவருடைய இயற்கை நிறங்கூடப் போதாதென்று மேலும் கருமை பூசப்பட்டது. தலைமைப் பாத்திரமாயின் நிறத்தைக் கடன் வாங்கிக்கொள்ளலாம். ஏவற் பாத்திரமாயின் அந்த இனத்தவரே வரவேண்டும். இதுவே அங்கு நிலவிய எழுதாச் சட்டம்.

இதற்குச் சமாதானம் சொல்வோர் முன்வைக்கும் முதல் வாதம் யதார்த்தத்தின் பெயரால் வருவது. "லொஸ் ஏஞ்சல்ஸ் நகரத்து வீடுகளில் வேலை செய்வோருட் பலர் இலத்தீன் அமெரிக்கப் பெண்கள்தாமே? உள்ளதைக் காட்டுவது குற்றமா?" என்கின்றனர்.

உள்ளதைக் காட்டினார்களா என்பதே எமது வினா. வேலைக்காரிக்கு ஒரு வீடு உண்டு, வாடகை உண்டு, நோயுறும் பிள்ளை உண்டு, பின்னேரத்தில் அவள் ஏறிச் செல்லும் பஸ் உண்டு. இவற்றுள் எதனை அந்தப் படங்கள் காட்டின? கதவைத் திறப்பாள், தட்டை வைப்பாள், எசமானி சொன்னதை விளங்கிக்கொள்ளாமல் விழிப்பாள். அவள் அடுக்களைக்குட் சென்றதும் கமறா வரவேற்பறையிலேயே நின்றுவிடும். அவள் சமையலை உண்டு, அவள் வாழ்க்கையைக் காணாதிருப்பதற்கு யதார்த்தம் என்று பெயரிட எமக்கு மனம் வரவில்லை.

1985இல் வெளிவந்து உலகெங்கும் ஓடிய 'த கூனிஸ்' என்ற சிறுவர் படத்தை எடுத்துக்கொள்வோம். அதில் ஒந்திவேரோஸ் ரொசலிற்றா என்ற வேலைக்காரி. வீட்டுக்காரியின் சாதாரணக் கட்டளைகளை ஸ்பானிய மொழியிற் பெயர்த்துச் சொல்வதாகப் பாவனை செய்யும் ஒரு சிறுவன், பயங்கரமான பொய்களைச் சொல்லி அவளை நடுங்கவைக்கின்றான். சபை சிரிக்கின்றது. மொழி தெரியாத ஏழைப் பெண்ணின் அச்சம் பிள்ளைகளுக்கு விருந்தாக வைக்கப்படுகின்றது. ஆனால் அதே படத்தின் முடிவை நோக்குங்கள். அடைமானத்தில் மூழ்கவிருந்த வீட்டைக் காப்பாற்றும் இரத்தினக் கற்களைச் சிறுவனின் பையிற் கண்டெடுப்பவள் அந்த வேலைக்காரியே. பத்திரத்திற் கையொப்பமிடவேண்டாமென்று கூவித் தடுப்பவளும் அவளே. வீடு மீள்கின்றது, மகிழ்ச்சி பொங்குகின்றது. ரொசலிற்றாவுக்கு என்ன கிடைத்தது என்று கேட்கப் படத்துக்கு நேரமில்லை. கதையை எழுதியோர் அறியாமலே உண்மை ஒன்று இங்கே வெளிப்பட்டுவிட்டது: வீட்டைத் தாங்கியது அவள் கை, வீடு அவளுடையதன்று.

இரண்டாவது வாதம் சந்தையின் பெயரால் வருவது. "மக்கள் விரும்புவதையே கொடுக்கின்றோம், கலைக்கு இனமில்லை, திறமையுள்ளவர் மேலே வருவர்" என்பர். நல்லது, கணக்கைப் பார்ப்போம். 2007 தொடக்கம் 2018 வரை அமெரிக்காவில் அதிக வசூல் பெற்ற 1,200 படங்களைத் தென் கலிபோர்ணியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆராய்ந்தனர். பேசும் பாத்திரங்களில் இலத்தீன் அமெரிக்க வழியினர் 4.5 வீதம் மட்டுமே என்று 2019இல் வெளியிட்டனர். அந்நாட்டுச் சனத்தொகையிலோ அவர்கள் 18 வீதத்துக்கு மேல். திறமை சனத்தொகையில் நாலில் ஒரு பங்காகச் சுருங்கிப் பிறந்தது என்று நம்பச் சொல்கின்றனரா?

சந்தை சுயாதீனமானது என்பதும் கட்டுக்கதை. 1950 முதல் 1952 வரை நியூ மெக்ஸிக்கோவின் துத்தநாகச் சுரங்கமொன்றில் மெக்ஸிக்க வழித் தொழிலாளர் வேலைநிறுத்தஞ் செய்தனர். ஆண்கள் மறியல் செய்வதை நீதிமன்றம் தடுத்தபோது அவர்தம் மனைவியர் அவ்விடத்தை நிரப்பினர். இந்த வரலாற்றை 1954இல் 'சோல்ற் ஒவ் த ஏர்த்' என்ற படமாக்கியவர் ஹேர்பேட் பைபர்மன். ஹொலிவூட்டின் கறுப்புப் பட்டியலில் இருந்தவர். நாயகன், அந்தத் தொழிற்சங்கத்தின் தலைவராகவே விளங்கிய ஹுவான் சாக்கோன். நாயகி, மெக்ஸிக்க நடிகை ரொசௌரா ரெவுவெல்த்தாஸ். விளைவு என்ன? படப்பிடிப்பு முடியுமுன்னரே நாயகி குடிவரவு அதிகாரிகளாற் கைதுசெய்யப்பட்டு நாடு திரும்ப நேர்ந்தது. படத்தைத் திரையிட முன்வந்த அரங்குகள் மிகச் சில. மக்கள் விரும்பவில்லை என்று எவ்வாறு சொல்வது? மக்கள் காணவே விடப்படவில்லை. தட்டு ஏந்திய மெக்ஸிக்கப் பெண்ணுக்கு ஆயிரம் அரங்குகள் திறந்திருந்தன. மறியற் பதாகை ஏந்தியவளுக்கு அவை மூடப்பட்டன.

மூன்றாவது வாதம் எம்மைப் போன்று சமூக நோக்குடன் கலையை அணுகுவோரிடையே எழுவது. ஆதலால் அதற்கு விரிவாகவே விடையிறுக்க வேண்டும். "இழிவான வேடங்களை அவர் ஏன் ஏற்றார்? மறுத்திருக்க வேண்டாமா?" என்பது அவர்கள் கேள்வி. கேட்கும் ஆவேசம் எமக்கு விளங்குகின்றது. எனினும் இக்கேள்வியிலும் ஒரு மேட்டுக்குடி மனோபாவம் மறைந்திருக்கின்றது. பிறர் வீட்டைக் கூட்டிக் கழுவி உழைத்து உண்ணும் பெண்ணிடத்தில் இழிவு ஏது? இழிவு, அவளைக் கேலிப்பொருளாக நோக்கிய கண்ணிலே இருந்தது. ஒந்திவேரோஸ் இதனை நன்குணர்ந்திருந்தார். அந்த நாட்டைத் தாங்கும் உழைப்பாளிக் கரங்களைத் தாம் திரையிற் பிரதிநிதித்துவஞ் செய்ததையிட்டு அவர் பெருமைகொண்டார்; தாம் ஏற்ற ஒவ்வொரு வேலைக்காரிக்கும் உயிரும் இதயமும் ஊட்டியதாகக் கூறினார். வீட்டு வேலைக்காரப் பெண்களைப் பற்றி 2005இல் வெளிவந்த ஓர் ஆவணப் படத்துக்கு வருணனைக் குரல் கொடுத்தவரும் அவரே. நடித்த பாத்திரத்தை வெறுத்தவர் செய்யும் காரியமன்று இது. எழுத்தாளன் இரண்டு வரி மாத்திரமே கொடுத்தவிடத்து, மூன்றாவது வரியைத் தன் பார்வையால் எழுதுபவளே குணசித்திர நடிகை. அவளை நோக்கி 'ஏன் ஏற்றாய்?' என்று கேட்பதற்கு முன்னர், 'ஏன் வேறொன்றும் கொடுக்கவில்லை?' என்று கொடுத்தவரைக் கேட்பதே முறை.

கொடுத்த போதெல்லாம் அவர் என்ன செய்தார் என்பதற்குச் சான்றுகள் உள. 1978இல் லுவிஸ் வால்டேஸ் 'சூற் சூற்' நாடகத்தை லொஸ் ஏஞ்சல்ஸில் மேடையேற்றினார். 1942இல் மெக்ஸிக்க வழி இளைஞர்மீது தொடுக்கப்பட்ட அநியாயமான கொலை வழக்கே அதன் கரு. சிறைப்பட்ட இளைஞனின் தாயாக ஒந்திவேரோஸ் நடித்தார். 1981இல் அது படமானபோதும் அவரே தாய். 1983இல் கிரெகரி நாவாவின் 'எல் நோர்த்தே' படத்தில், குவாத்தமாலாவின் படுகொலைக்குத் தப்பி வந்த இளம்பெண்ணுக்குப் புதிய நகரத்திற் பிழைக்கும் வழிகாட்டும் நாச்சாவாக வந்தார். அங்கும் அவர் வீடு துப்புரவாக்கும் தொழிலாளிதான். ஆனால் அப்படத்தின் கமறா அவளோடு பஸ்ஸில் ஏறிற்று, அவளோடு சிரித்தது. வேடம் ஒன்றே; நோக்கு வேறு. எமது வாதம் முழுவதற்கும் இந்த ஒரு படமே நிரூபணம்.

1997இல் அவருக்குக் கிடைத்த இரு வேடங்களை அருகருகே வைத்துப் பாருங்கள்: ஒன்றில் பாடகி செலீனாவைச் சுட்டுக்கொன்றவள், மற்றதில் ஓவியன் ஒருவனின் வீட்டுப் பணிப்பெண். கொலையாளி அல்லது வேலைக்காரி! 2000ஆம் ஆண்டிலே 'சக் அன்ட் பக்' என்ற சிறுமுதற் படம், சின்னஞ்சிறு நாடக அரங்கொன்றை நடத்தும் பெண்ணாக, இனக் குறியேதும் இல்லாத பாத்திரமொன்றை அவருக்கு அளித்தது. அதற்குத் தேசிய விமர்சகர் சபை சிறந்த உப நடிகைக்கான விருதை வழங்கிற்று. 2002இல் 'ரியல் விமன் ஹாவ் கேர்வ்ஸ்' படத்தில், தையற் கூடத்தில் உழைத்து ஓய்ந்து, மகளும் அங்கேயே உழைக்கவேண்டுமென்று பிடிவாதம் பிடிக்கும் தாயாக நடித்தார். 18 டொலருக்குத் தைத்துக் கொடுக்கும் சட்டை கடையில் 600 டொலருக்கு விற்கும் உலகம் அது. சன்டான்ஸ் விழாவில் மகளாக நடித்த அமெரிக்கா ஃபெரேராவுடன் சேர்ந்து சிறப்பு நடுவர் பரிசு பெற்றார். அப்போது அவருக்கு வயது அறுபதை நெருங்கிக்கொண்டிருந்தது. தகுதி அதுவரை எங்கே ஒளிந்திருந்தது? ஒளிந்திருக்கவில்லை, அடுக்களைக்குட் பூட்டப்பட்டிருந்தது.

ஆகவே, 150 என்ற எண்ணைக் கேட்டுக் கைதட்டுவோரிடம் நாம் சொல்வது இதுதான். நூற்றைம்பது தடவை ஒரே கதவைத் திறந்துவிட்டவர், தாமும் உள்ளே வந்து அமரத்தக்கவர் என்பதை ஒரு தலைமுறை முழுவதும் காண மறுத்தது ஒரு தொழில். விருது வழங்கினால் அந்தக் கடன் தீராது. அஞ்சலி செலுத்தினாலும் தீராது. அந்த வேலைக்காரிகளின் கதைகளை அவர்களுடைய பிள்ளைகள் எழுத வேண்டும், இயக்க வேண்டும், அவற்றைத் திரையிட அரங்குகள் வேண்டும். கமறா அடுக்களைக் கதவைத் தாண்டிச் செல்லும் நாள்வரை, உழைக்கும் மக்களைக் காட்டிவிட்டதாக அந்தக் கலை சொல்லிக்கொள்ளும் உரிமையை நாம் ஒப்புக்கொள்ளப் போவதில்லை.