மாற்று மருந்தின்மீது ஒரு வீண்பழி

மணிப்பூரில் ஹெராயினுக்கு அடிமைப்பட்டோருக்கு அரசாங்க நிலையங்களில் பியூப்ரெனார்ஃபின் மாத்திரை வழங்கப்படுவதைக் குறித்து, ஒரு போதையைப் பிடுங்கிக்கொண்டு வேறொரு போதையைக் கொடுப்பது சிகிச்சையாகுமா என்றும், மியான்மர் எல்லையை அடைத்து, அடிமைப்பட்டவனைச் சில வாரம் முகாமில் வைத்து அனுப்பினால் போதாதா என்றும் படித்தவர்களே கேட்கிறார்கள். நல்லெண்ணத்தில் பிறந்ததாயினும், செயலுக்கு வந்தால் உயிர்ச்சேதம் விளைவிக்கும் அபிப்பிராயம் இது.

எல்லையை முதலில் எடுத்துக்கொள்வோம். எல்லையூரான மோரேயிலிருந்து இம்பாலுக்கு வரும் சாலை கடத்தல் வழியென்பது மெய். ஆனால் அதே மார்க்கத்தில், அக்கரையில் மெத் என்னும் போதை மாத்திரை தயாரிக்க வேண்டிய சூடோஎஃபெட்ரின், நம் நாட்டுச் சளி மாத்திரைகளின் உருவில் எதிர்த்திசையில் போயிருக்கிறது. அபினிக்குரிய கசகசாச் செடியோ மணிப்பூர் மலைச்சரிவுகளிலேயே பயிராகிறது. 'நம்பர் ஃபோர்' என்று அங்கே வழங்கும் ஹெராயினுக்குப் பதிலாகப் பலர் கரைத்து ஊசியேற்றிய வலிநிவாரணக் காப்சியூல்கள் நம் மருந்துக்கடைச் சரக்கே. காவல் வேண்டாமென்பது என் கட்சியன்று. காவலால் மட்டும் இவ்வியாதி தீராது என்பதே.

போதைக்குப் போதை என்னும் ஆக்ஷேபத்தைச் செய்வோர் அந்நிலையங்களில் நடப்பதைக் கவனிக்கவேண்டும். செவிலியர் மாத்திரையைப் பொடித்து நோயாளியின் நாவின்கீழ் இடுகிறார். அது கரையும்வரை அவர் கண்ணெதிரே உட்கார்ந்திருந்துவிட்டுத்தான் நோயாளி வேலைக்குப் போகிறார். ஹெராயின் சட்டென்று உச்சத்திலேற்றிச் சில மணி நேரத்தில் உடலை நடுக்கத்திலும் வலியிலும் தள்ளுவது. இம்மருந்தோ மெல்ல ஏறி, நெடுநேரம் நிலைத்து, குறித்த ஓர் எல்லைக்குமேல் விளைவு பெருகாத இயல்புடையது. ஊசியின் நிர்ப்பந்தம் நீங்குவது சிறு லாபமன்று. 1989 செப்டம்பர் வரை சோதனையில் எவரிடமும் காணப்படாத எச்.ஐ.வி., 1990-இன் நடுப்பகுதிக்குள் மணிப்பூரில் ஊசியேற்றுவோரில் சோதிக்கப்பட்டவர்களுள் ஏறத்தாழப் பாதிப்பேரைப் பற்றிக்கொண்டதற்கு, பலர் கைமாறிய ஊசியே காரணம். உலக சுகாதார நிறுவனம் 2005-இல் இம்மருந்தை இன்றியமையா மருந்துகளின் பட்டியலில் சேர்த்தது. நீரிழிவுக்காரர் நாள்தோறும் இன்சுலின் ஏற்றிக்கொள்வதை அடிமைத்தனம் என்று நாம் சொல்வதில்லையே!

சில வார முகாம் என்னும் யோசனைதான் எல்லாவற்றினும் அபாயகரமானது. போதையின்றி இருந்த நாட்களில் உடல் தன் தாங்குசக்தியை இழந்துவிடுகிறது, ஆசையோ இழப்பதில்லை. முகாமிலிருந்து வீடு திரும்பிய இளைஞன், பழைய தோழனைக் கண்டு, பழைய அளவையே ஏற்றிக்கொள்ளும்போது, முன்பு அவனுக்குப் பழகிப்போயிருந்த அளவே மூச்சை நிறுத்திவிடுகிறது. குணமானான் என்று பெற்றோர் ஆறுதல் கொண்ட வேளையில் அவன் மடிகிறான். தொடர்மருந்து எடுப்போரிடையே இத்தகைய மரணங்கள் வெகுவாகக் குறைகின்றன என்பதைப் பல நாடுகளின் அனுபவம் காட்டியிருக்கிறது.

மாற்று மருந்து முறையிலும் குறையுண்டு. ஆனால் அது எதிர்ப்போர் சொல்லும் குறையன்று. நாள்தோறும் நிலையத்துக்கு வந்தாகவேண்டும் என்னும் விதி, பந்த் நாட்களிலும் மலைக்கிராமத்தாருக்கும் பெருந்துன்பம். 2020-இல் ஊரடங்கின்போது சில நாட்களுக்கான மாத்திரைகளை வீட்டுக்குக் கொடுத்தனுப்ப அனுமதித்தார்கள். ஒழுங்காகச் சிகிச்சை பெறுவோருக்கேனும் அவ்வேற்பாடு நிரந்தரமாக வேண்டும்.