லைட் கிரே சுவரும் உடைஞ்ச இடுப்பும்

வீட்டுக்கு லைட் கிரே பெயிண்ட் அடிக்கப் போறீங்களா? தாராளமா அடிங்க. ஆனா வீட்டுல 60 வயசு தாண்டினவங்க இருந்தா, இந்த த்ரெட்டைப் படிச்சுட்டு அடிங்க.

நான் அரசு மருத்துவமனை டாக்டர். கண் ஸ்பெஷலிஸ்ட் கூட இல்ல, வெறும் எம்.பி.பி.எஸ். பெயிண்ட் பத்திப் பேச இவன் யாருன்னு கேட்பீங்க. விழுந்து இடுப்பு உடைஞ்சு வர்றவங்களை கேஷுவாலிட்டியில முதல்ல பார்க்கிறது என்னை மாதிரி ஆளுங்கதான்.

சமீபத்துல ஒரு அம்மா வந்தாங்க. 70க்கு மேல. ராத்திரி பாத்ரூம் வாசல்ல தடுக்கி விழுந்திருக்காங்க. மயக்கம் இல்ல, சுகர் குறையல, பிரஷர் நார்மல். எக்ஸ்ரேல தொடை எலும்பு கழுத்து முறிஞ்சிருக்கு.

"எப்படிம்மா விழுந்தீங்க?"

"படி எங்க இருக்குன்னே தெரியல சாமி. எல்லாம் ஒரே சாம்பலா இருக்கு."

மகன் போன்ல போட்டோ காட்டினார். "போன மாசம்தான் சார் எல்லாம் மாத்தினோம்." கிரே சுவர், கிரே டைல்ஸ், கிரே கதவு. பாத்ரூம் படியும் கிரே. இதுக்குப் பேரு மேட்சிங்காம்!

வயசானா கண் லென்ஸ் மஞ்சளாகும், உள்ள போற வெளிச்சம் குறையும். பக்கத்துப் பக்கத்து ஷேடுகளைப் பிரிச்சுப் பார்க்கிற திறனும் குறையும். நீலச் சாயல் கிரே அவங்களுக்கு அழுக்கு மாதிரிதான் தெரியும். ஆனா கலரைத் தேர்ந்தெடுக்கிறது 30 வயசுக் கண்ணு. நடமாடப் போறது 70 வயசுக் கால்.

"கண்புரை ஆபரேஷன் பண்ணிக்கலாமே டாக்டர்?" கண்டிப்பா பண்ணிக்கணும், அரசு மருத்துவமனையில இலவசம்தான். ஆனா சர்க்கரையால விழித்திரை கெட்டவங்களுக்கும், கிளாக்கோமா இருக்கிறவங்களுக்கும் புரையை மட்டும் எடுத்தா பார்வை முழுசா திரும்பாது.

கிரே மேல எனக்குக் கோபம் இல்ல. சுவர் லைட் கிரேயா இருக்கட்டும். தரையை ஒட்டின ஸ்கர்டிங், கதவு நிலை, படி விளிம்பு, கைப்பிடி, ஸ்விட்ச் இதெல்லாம் தனியா தெரியணும்.

எல்.ஆர்.வி.ன்னு ஒரு எண் இருக்கு, டீலர்கிட்ட கேளுங்க. கறுப்பு 0, வெள்ளை 100. பக்கத்துப் பக்கத்துல வர்ற பரப்புகளுக்கு நடுவுல 30 புள்ளி வித்தியாசம் வேணும்னு பிரிட்டன் கட்டட வழிகாட்டிகள் சொல்லுது. எண் கிடைக்கலையா? போன்ல போட்டோ எடுத்து பிளாக் அண்ட் ஒயிட்டா மாத்துங்க. சுவரும் தரையும் ஒண்ணாக் கலந்துட்டா, பாட்டிக்கும் அப்படித்தான் தெரியும்.

ஷேட் கார்டை மட்டும் பார்த்து ஆர்டர் பண்ணாதீங்க. வெள்ளைத் தாள் பக்கத்துல வச்சாத்தான் அந்த கிரேல ஒளிஞ்சிருக்கிற நீலமோ பச்சையோ ஊதாவோ தெரியும். சுவர்ல ரெண்டடிக்கு ரெண்டடி ரெண்டு கோட் அடிச்சு, காலையிலயும் ராத்திரி லைட் போட்டும் பாருங்க. பாட்டியையும் கூப்பிட்டுக் காட்டுங்க.

இன்னொண்ணு. ஈயம் 90 பிபிஎம் தாண்டக்கூடாதுங்கிற விதி 2017 நவம்பர்லதான் அமலுக்கு வந்தது. அதுக்கு முந்தின எனாமல் பெயிண்ட்டை உலர்ந்தபடியே சுரண்டாதீங்க. நனைச்சுத் தேய்க்கச் சொல்லுங்க. குழந்தைகளும் கர்ப்பிணிகளும் அந்தப் பக்கமே வரக்கூடாது.

அந்த அம்மாவுக்கு ஆபரேஷன் முடிஞ்சு வாக்கர் வச்சு நடக்கிறாங்க. டிஸ்சார்ஜ் அன்னிக்கு மகன்கிட்ட, "படி விளிம்புல கறுப்புல ஒரு பட்டை அடிச்சுடுங்க"ன்னேன்.

"லுக் போயிடாதா சார்?"ன்னு கேட்டார்.