வேலியே பயிரை மேய்ந்தால்...

உடலில் எதிர்ப்புச் சக்தி கூடக் கூட நோய் ஓடிவிடும் என்று விளம்பரங்கள் முழங்குகின்றன, நாமும் நம்பிவிடுகிறோம். இது பாதி உண்மையே என்பது என் கருத்து. மறுபாதியை அறிய, வைரஸும் பாக்டீரியாவும் கைகோத்து நுரையீரலைத் தாக்கும் நிலையைப் பார்க்க வேண்டும்.

அமெரிக்க அறிஞர் ரிச்சர்ட் ஷோப், பன்றிகளைப் பீடித்த இன்ஃபுளூயன்சாவை ஆராய்ந்து 1931-இல் தம் முடிவுகளை வெளியிட்டார். வைரஸை மட்டும் செலுத்தியபோது பன்றிகளுக்கு இலேசான நோயே கண்டது. உடன் காணப்பட்ட பாக்டீரியா தனித்து நோய் எதையும் உண்டாக்கவில்லை. இரண்டையும் சேர்த்துச் செலுத்தியபோதோ கடும் நோய் மூண்டது! ஒன்றும் ஒன்றும் இரண்டு என்ற கணக்கு இங்கே பொய்த்துவிட்டது. 1918-ஆம் ஆண்டின் இன்ஃபுளூயன்சா கொள்ளைநோயிலும், மாண்டோருள் பெரும்பாலோரின் உயிரைக் குடித்தது வைரஸைத் தொடர்ந்து வந்த பாக்டீரியா நிமோனியாவே என்று 2008-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டினர்.

இது எவ்வாறு நிகழ்கிறது? வைரஸ் மூச்சுக்குழாயின் உட்பரப்பைச் சிதைத்து, பாக்டீரியாவுக்கு வழி திறக்கிறது. வைரஸை ஒடுக்க உடல் சுரக்கும் இன்டர்ஃபெரான்களோ, பாக்டீரியாவை விழுங்கும் அணுக்களைச் சோர்வடையச் செய்கின்றன. பாக்டீரியா பெருகிய பின் வெள்ளணுக்கள் படையெடுத்து வருகின்றன. அவை கக்கும் பொருள்கள் கிருமியோடு நுரையீரலையும் புண்ணாக்குகின்றன. காற்றறைகளில் நீர் கோத்து மூச்சுத் திணறுகிறது. வேலியே பயிரை மேய்வது இதுதான்!

அப்படியானால் அழற்சியை அடியோடு அடக்கிவிடலாமா? அதுவும் அறிவன்று. 2020-இல் இங்கிலாந்தில் கொரோனா நோயாளிகளிடம் நடந்த ஆய்வில், அழற்சியைத் தணிக்கும் டெக்சாமெத்தசோன், ஆக்சிஜன் தேவைப்பட்டோரின் சாவைக் குறைத்தது. தேவைப்படாதோருக்கு அதனால் பயன் விளையவில்லை. எதிர்ப்பாற்றலின் சிறப்பு மிகுதியில் இல்லை. காலமும் அளவும் அறிந்து செயல்படுவதிலேயே இருக்கிறது.

ஆகவே மாணவ நண்பர்களே, ‘சக்தி’ விற்கும் புட்டிகளுக்குக் காசை இறைக்காதீர்கள். தணிந்த காய்ச்சல் மீண்டும் ஏறினால், பழைய ஜுரந்தானே என்று படுத்துவிடாதீர்கள். பாக்டீரியா புகுந்ததன் அறிகுறியாகவும் அது இருக்கலாம். வைரஸ் காய்ச்சலுக்கு ஆன்டிபயாடிக் உதவாது; பாக்டீரியா நிமோனியாவுக்கோ அதுவே உயிர் காக்கும். எது எப்போது தேவை என்று சொல்ல வேண்டியவர் மருத்துவர். விடுதியில் பக்கத்து அறை நண்பர் அல்லர்.