எதன் பங்கு?

என் தங்கை தரம் 5இல் படிக்கிறாள். புலமைப்பரிசில் பரீட்சைக்கான மாதிரி வினாத்தாள் ஒன்றைச் சென்ற மாதம் அவளுக்குத் திருத்திக் கொடுத்தேன். அதில் ஒரு கணக்கு: "ஒரு வகுப்பில் 36 பிள்ளைகள் உள்ளனர். அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் பெண்கள். அப்பெண்களில் நான்கில் ஒரு பங்கினர் மூக்குக்கண்ணாடி அணிகின்றனர். மூக்குக்கண்ணாடி அணியும் பெண்கள் எத்தனை பேர்?" தங்கை எழுதியிருந்த விடை 9.

சிவப்புப் பேனையால் பிழை போட்டேன். "36ஐ 4ஆல் வகுத்தா 9 தானே ராத்தா?" என்று கேட்டு அழுதுவிட்டாள். அவள் வகுத்தது சரிதான். ஆனால் பெண்களின் காற்பங்கைக் கேட்ட இடத்தில் முழு வகுப்பின் காற்பங்கை எடுத்துவிட்டாள். பெண்கள் 24 பேர். அதன் காற்பங்கு 6.

பிழை அவளுடையது அல்ல, என்னுடையது. "கணக்கில் உள்ள பெரிய எண்ணை எடு, கீழே உள்ளதால் வகு, மேலே உள்ளதால் பெருக்கு" என்று இரண்டு வாரங்களுக்கு முன் சுருக்கவழி சொல்லிக் கொடுத்தவள் நானே. பிள்ளை சொன்னதைச் செய்திருக்கிறாள். "எதன் பங்கு?" என்று கேட்க மட்டும் நான் கற்பிக்கவில்லை.

பின்னக் கணக்கில் நம் பிள்ளைகள் தடுமாறுவது பெருக்கல் வாய்பாடு தெரியாததால் மட்டும் அல்ல என்பது என் கருத்து. வாக்கியத்தை வாசித்து விளங்குமுன் எண்களைப் பிடித்து ஓடப் பழக்கிவிட்டோம். நம் தமிழோ நமக்கு வழிகாட்டியே நிற்கிறது. தாளில் தொகுதியெண் மேலே நிற்கும், பகுதியெண் கீழே நிற்கும். வாயால் சொல்லும்போது "மூன்றில் இரண்டு" என்று பகுதியெண்ணை முதலில் சொல்கிறோம். முதலில் மூன்றாகப் பிரி, பிறகு இரண்டை எடு என்று செய்யவேண்டிய வேலையை அந்தச் சொல்லே வரிசையாகச் சொல்லிவிடுகிறது. மூத்தவர்கள் எட்டில் ஒன்றை "அரைக்கால்" என்பார்கள். எதன் அரை? காலின் அரை. கேள்வியும் விடையும் அந்த ஒரு சொல்லுக்குள்ளேயே இருக்கின்றன.

அன்று இரவு 36 புளியங்கொட்டைகளை எடுத்துப் பாயில் பரப்பினோம். தங்கை மூன்று குவியலாகப் பிரித்தாள், ஒவ்வொன்றிலும் 12. இரண்டு குவியல்களை ஒன்றாகச் சேர்த்தாள், 24. மீதிக் குவியலை நான் கையால் மூடிக்கொண்டேன். "இப்ப இதில நாலில் ஒண்டு" என்றேன். அவள் கை மூடிய குவியலின் பக்கம் போகவே இல்லை. 6 என்று சொல்லிச் சிரித்தாள்.

"பரீட்சை மண்டபத்தில் புளியங்கொட்டைக்கு எங்கே நேரம்?" என்று பெற்றோர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். விளங்கிய பின் சுருக்கவழியைச் சொல்லிக் கொடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. விளங்குமுன் கொடுத்தால் வினாவில் ஒரு சொல் மாறியதும் பிள்ளை விழுந்துவிடும். பிரத்தியேக வகுப்புகளுக்கு அனுப்பும் நாம், நோன்பு திறக்கும்போது பேரீச்சம்பழத்தையும் பெருநாளன்று வட்டிலாப்பத்தையும் பங்கு வைக்கும் வேலையைப் பிள்ளையிடம் ஒருமுறை விட்டுப் பார்க்கலாமே.

தோழிகளே, இது தரம் 5 உடன் முடிந்துவிடும் விடயமும் அல்ல. ஒருவர் மனைவியையும் ஒரு மகனையும் ஒரு மகளையும் விட்டு மரணிக்கிறார். வேறு வாரிசுகள் இல்லை, வசிய்யத்தும் இல்லை என்று வைத்துக்கொள்வோம். அவர் விட்டுச் சென்றது 30 இலட்சம் ரூபாய். அடக்கச் செலவும் கடனும் சேர்ந்து 6 இலட்சம். மனைவிக்கு எட்டில் ஒன்று. எதன் எட்டில் ஒன்று? முப்பதின் அல்ல, செலவும் கடனும் போக எஞ்சிய 24இன். ஆகவே அவருக்கு 3 இலட்சம். மகனுக்கு இரண்டு பங்கு, மகளுக்கு ஒரு பங்கு. அப்படியானால் மகளுக்கு மூன்றில் ஒன்று. எதன் மூன்றில் ஒன்று? தாயின் பங்கு போக மீதியான 21இன். மகளுக்கு 7 இலட்சம், மகனுக்கு 14 இலட்சம். மூன்றையும் கூட்டிப் பாருங்கள், 24 வரும்.

இந்தக் கணக்குக்கும் தங்கையின் மூக்குக்கண்ணாடிக் கணக்குக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஒன்பதாம் நூற்றாண்டில் அல்குவாரிஸ்மி எழுதிய அல்ஜீப்ரா நூலிலும் வாரிசுப் பங்கீட்டுக் கணக்குகளுக்குப் பெரும் பகுதி ஒதுக்கப்பட்டுள்ளது. ஆனாலும் நம்மில் எத்தனை பெண்கள் தம் பங்கைத் தாமே கணக்கிட்டுப் பார்க்கிறோம்? "உனக்கு இவ்வளவுதான், கையொப்பம் வை" என்று யாரோ நீட்டும் தாளில், எதிலிருந்து இவ்வளவு என்று கேட்காமலே பேனையை எடுத்துவிடுகிறோம். மார்க்கம் நமக்கென்று குறித்துத் தந்த பங்கைச் சரிபார்ப்பது பேராசையும் அல்ல, மரியாதைக் குறைவும் அல்ல.

ஆகவே ராத்தாமாருக்கும் உம்மாமாருக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்தமுறை உங்கள் வீட்டுப் பிள்ளை பின்னக் கணக்குடன் வரும்போது விடையைக் கேட்குமுன் "எதன் பங்கு?" என்று கேளுங்கள். என் தங்கை இப்போது அப்பியாசக் கொப்பியில் ஒவ்வொரு கணக்கின் மேலும் அந்த இரு சொற்களையும் எழுதிவிட்டே தொடங்குகிறாள். நேற்று வட்டிலாப்பத்தில் எனக்கு வந்த பங்கு சிறியது என்று நான் முறையிட்டபோதும் அதே கேள்வியைத்தான் கேட்டாள்.