விழப்போகிற பல்தானே!

பிள்ளையின் பல்வலிக்கு முகநூலில் வைத்தியர் தேடும் பெற்றோரை எள்ளி நகையாடுவது நம் கற்றோரிடையே ஒரு நாகரிகமாகி வருகிறது. "அறியாமை" என்று ஒரே சொல்லில் தீர்ப்பும் வழங்கிவிடுகின்றனர். அத்தீர்ப்பை நாம் ஏற்பதற்கில்லை.

அப்பெற்றோர் கேட்பதுதான் என்ன? "பிள்ளையை அதட்டாமற் பார்க்கும் வைத்தியர் யார்?" என்கிறாள் வெள்ளவத்தைத் தாய். "எங்கே காசு குறைவு?" என்கிறாள் கொட்டாஞ்சேனைத் தாய். இருவருக்கும் விடையாகக் கிடைப்பவை தனியார் சிகிச்சை நிலையங்களின் தொலைபேசி எண்களே. அவற்றுள் எது அனுபவம், எது விளம்பரம் என்று பிரித்தறிவார் யார்? வோட் பிளேசிலே தேசிய பற்சிகிச்சை வைத்தியசாலை இருக்கிறது. அது மக்களின் சொத்து. ஆனால் நாட்கூலிக்குப் போகிறவனுக்கு இலவச வரிசையும் இலவசமன்று. காலையில் அங்கே நின்றால் அன்றைய கூலி போயிற்று. போதாக்குறைக்கு மொழி. 1987இல் 13ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. எனினும், பிள்ளைக்கு எங்கே வலிக்கிறதென்று அரசாங்க அலுவலரிடம் தமிழிற் சொல்லத் தயங்கும் தாய்மார் தலைநகரிலே இன்றும் உளர். இவையனைத்தையும் அறியாமை என்ற கணக்கில் எழுதுவது எந்த நியாயம்?

அறியாமையே இல்லையென்று நாம் வாதிடவில்லை. "விழப்போகிற பல்தானே" என்ற பேச்சு வீட்டுக்கு வீடு உண்டு. பாற்பற்கள் இருபது. அவற்றுள் கடைவாய்ப் பற்கள் பத்துப் பன்னிரண்டு வயதுவரை நின்று உழைக்க வேண்டியவை. ஆறு வயதளவில் அவற்றின் பின்னே ஓசையின்றி முளைக்கிறது நிலையான கடைவாய்ப்பல். எந்தப் பல்லும் விழாமலே அது முளைப்பதால் அதனையும் பாற்பல்லென்று எண்ணிச் சூத்தைக்குப் பறிகொடுக்கிறோம். இனிப்புப் பிஸ்கட் விற்பவனுக்கு நாள்முழுதும் தொலைக்காட்சி உண்டு. பற்பசை விற்பவனுக்கும் உண்டு. இந்த ஒரு பல்லைப் பற்றித் தாய்க்குச் சொல்வதில் எவனுக்கும் இலாபமில்லை. ஆகவே எவனும் சொல்வதில்லை.

இந்நாடு வழியறியாத நாடுமன்று. நியூசிலாந்து 1921இல் தொடங்கிய முறையைத் தழுவி 1950களிலேயே இலங்கையிற் பாடசாலைப் பற்சிகிச்சைச் சேவை எழுந்தது. மகரகமையிற் பயிற்சி பெற்ற பெண்கள் பாடசாலை வளவுக்குள்ளேயே பிள்ளைகளின் பல்லடைத்தனர். தாய் கூலியை இழக்கவில்லை. எவரிடமும் விலாசம் கேட்கவுமில்லை. எத்துணை எளிய ஏற்பாடு! அச்சேவை இன்றும் உண்டு. ஆனால் பாடசாலைதோறும் சிகிச்சைக்கூடம் இல்லை. பாடசாலை வாசலை மிதிக்குமுன்பே மூன்று, நான்கு வயதிற் பல் கெட்ட பிள்ளையின் நிலை அதனினும் இரங்கத்தக்கது. குழந்தையின் நிறை பார்க்க வீடு தேடி வருகிற குடும்பநல உத்தியோகத்தர் ஒவ்வொரு முறையும் அதன் வாயையும் திறந்து பார்த்துப் பற்சிகிச்சைக்கு அனுப்பினால் திறைசேரி வற்றிவிடுமா?

ஆசிரிய நண்பர்கள் தத்தம் பாடசாலைப் பிள்ளைகளின் பல்லைக் கடைசியாகப் பார்த்தவர் யார், எப்போது என்று விசாரிக்கட்டும். விடை கிடைக்காவிடின், அதனை எழுத்தில் இட்டு அதிபரின் வழியே பிரதேச சுகாதார வைத்திய அதிகாரிக்கு அனுப்பட்டும். வேலை முடிந்து வரும் தாயும் பிள்ளையோடு நுழையத்தக்க வகையில், மாலை வேளையிலும் அரசாங்கப் பற்சிகிச்சைக்கூடங்களைத் திறக்குமாறு அதே கடிதத்திற் கேட்கட்டும், தமிழிலேயே கேட்கட்டும்.