கோடை விடுமுறையில் சூரிய ஆராய்ச்சி!

கல்லூரிக்குக் கோடை விடுமுறை விட்டால் பிள்ளைகள் என்ன செய்வார்கள்?

தறிக்குத் துணையாக நிற்பார்கள். கடையில் உட்காருவார்கள். கொங்கு நாட்டில் இது வழக்கம். நல்ல வழக்கம்தான்.

ஆனால், அந்த இரண்டு மாதத்தில் அவர்கள் சூரியனையும் ஆராயலாம்! அதற்கு அமெரிக்கா போகவேண்டாம். பழனிக்கு மேலே கொடைக்கானலிலேயே சூரிய ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது.

பஞ்சம் தந்த நிலையம்

தாது வருஷப் பஞ்சம் 1876-ல் தொடங்கியது. கோவை ஜில்லாவையும் வாட்டியது.

மழை ஏன் பொய்த்தது? சூரியனுக்கும் மழைக்கும் தொடர்பு உண்டா? இந்தக் கேள்விகள் எழுந்தன. சூரியனைக் கவனிக்க ஒரு நிலையம் வேண்டும் என்றார்கள். 1899-ல் கொடைக்கானல் நிலையம் உருவாயிற்று.

சூரியனைப் பார்த்து மழை சொல்லும் வித்தை கிடைக்கவில்லை. வேறு செல்வம் கிடைத்தது. 1904 முதல் எடுத்த சூரியப் படங்கள் அங்கே சேர்ந்திருக்கின்றன. இன்று அவற்றைக் கம்ப்யூட்டரிலேயே பார்க்கலாம்.

மாணவர் வேலை என்ன?

சின்னக் கேள்வி போதும்.

சூரியன் மேல் கரும்புள்ளிகள் தோன்றும். பல புள்ளிகள் பூமியைவிடப் பெரியவை! ஒரு புள்ளி, சூரியனின் ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரம் போக ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகும். எல்லாப் புள்ளிகளும் ஒரே வேகத்தில் போகின்றனவா? படங்களைத் தேதிவாரியாக அடுக்கி, அளந்து, கணக்கு எழுதவேண்டும். விடை முன்பே தெரிந்ததுதான். நடுப்பகுதிப் புள்ளிகள் வேகமாகப் போகும். ஆனாலும் தானே அளந்து பார்த்தால்தான் கை பழகும்.

இதனால் யாருக்கு லாபம்?

1989 மார்ச்சில் சூரியனிலிருந்து கிளம்பிய புயல் கனடாவைத் தாக்கியது. கியூபெக் மாகாணத்தில் 60 லட்சம் பேருக்குச் சுமார் 9 மணி நேரம் மின்சாரம் இல்லை!

கனடா வட துருவத்துக்கு அருகில் இருக்கிறது. நமக்கு அவ்வளவு ஆபத்து இல்லை. ஆனால் செயற்கைக்கோள் கெட்டால் நம் வீட்டு டெலிவிஷனும் நிற்கும். அதனால்தான் இந்தியா 2023 செப்டம்பர் 2-ல் ஆதித்யா எல்-1 விண்கலத்தை அனுப்பியது. அப்போது அத்திட்டத்தின் இயக்குநராக இருந்தவர் செங்கோட்டையில் பிறந்த நிகார் ஷாஜி. பெண்ணை வெளியூர் அனுப்பத் தயங்கும் பெற்றோர் இதைக் கவனிக்கவேண்டும்.

எப்போது எழுதிப்போடுவது?

கொடைக்கானல் நிலையத்தை நடத்துவது பெங்களூரு இந்திய வான் இயற்பியல் நிறுவனம். அது கோடையில் மாணவர்களைச் சேர்த்துப் பயிற்சி தருகிறது. இந்திய அறிவியல் கழகங்கள் மூன்று சேர்ந்து, கோடை ஆராய்ச்சிக்கு உதவித்தொகையும் தருகின்றன.

பரீட்சை முடிந்தபின் யோசித்தால் காலம் கடந்துவிடும். தீபாவளி முடிந்ததுமே பேராசிரியரைப் பார்த்து, விண்ணப்பத்துக்கு விவரம் கேட்பது நல்லது.