தீர்ப்புக்கு முன்னே திரையிலே தண்டனை!

நீதிமன்றம் என்று ஒன்று இருக்கிறது. அங்கே சாட்சி உண்டு, குறுக்கு விசாரணை உண்டு, அப்பீலும் உண்டு. கைப்பேசித் திரையிலே கூடுகிற மன்றத்திலோ இவை ஒன்றும் இல்லை. பிடித்தார்கள், படம் எடுத்தார்கள், பரப்பினார்கள், முடிந்தது வழக்கு!

2016 ஜூன் 24 காலை, நுங்கம்பாக்கம் ரயில் நிலையத்திலே ஓர் இளம்பெண் வெட்டிக் கொல்லப்பட்டாள். நாடு பதறியது, நாமும் பதறினோம். கேமராவில் பதிந்த உருவத்தைப் போலீசார் வெளியிட்டனர். அதிலே நாம் குற்றம் காணமாட்டோம். தேடப்படுபவனைக் கண்டால் சொல்லுங்கள் என்று ஊராரைக் கேட்பது முறைதான்.

ஜூலை 1 இரவு, செங்கோட்டை அருகே, சூளைமேட்டு மேன்ஷனில் தங்கியிருந்த இளைஞன் ஒருவன் பிடிபட்டான். பிடிபட்ட பின் தேடுவதற்கு என்ன இருக்கிறது? ஆயினும், கழுத்தறுபட்ட நிலையிலே அவன் படம் ஊரெங்கும் உலவியது. காவலிலிருந்தவனின் படம் கால் முளைத்தா வெளியே வந்தது? பிறகு, புழல் சிறையிலே அடையாள அணிவகுப்பு! ஊரே பார்த்துவிட்ட முகத்தை வரிசையிலே நிறுத்தி, 'இவனா பார்' என்பது அடையாளமா, சடங்கா?

செப்டம்பர் 18 அன்று சிறையிலேயே அவன் இறந்தான். தற்கொலை என்றனர் அதிகாரிகள். இல்லை என்றனர் பெற்றோர். குற்றவாளியா, நிரபராதியா? எந்த நீதிபதியும் சொல்லவில்லை, இனிச் சொல்லவும் போவதில்லை. கொலையுண்ட பெண்ணுக்கும் தீர்ப்பு கிட்டவில்லை!

போலீசாரிடம் தரும் ஒப்புதல் வாக்குமூலம் செல்லாது என்றது 1872-ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டம். 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதுச் சட்டமும் அதையே கூறுகிறது. நீதிபதி ஏற்காத வாக்குமூலத்தைத் தொலைக்காட்சியிலே ஓட்டுவதை, கர்நாடக வழக்கொன்றிலே உச்சநீதிமன்றம் 2022-ல் கண்டித்தது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 9 நீதிபதிகள் 2017-லேயே கூறிவிட்டனர்.

அந்தரங்கம் என்றால் என்னவென்று அதிகார வர்க்கத்துக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும்! திருவான்மியூர் ஆட்டோ சங்கர் சிறையிலே எழுதிய வரலாற்றை, அதிகாரிகளின் தொடர்பைக் கூறும் அந்த வரலாற்றை, 1994-ல் 'நக்கீரன்' வெளியிட முன்வந்தபோது, கூடாது என்று மிரட்டியது சிறைத்துறைதான். முன்கூட்டித் தடுக்க அரசுக்கு அதிகாரம் இல்லை என்று உச்சநீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. கைதியின் முகம் கடைத்தெருவுக்கு. அதிகாரியின் பெயர் பெட்டிக்குள்ளே!

இன்னொன்றும் பாருங்கள், தோழர்களே. 2020 ஜூனில் சாத்தான்குளத்திலே தந்தையும் மகனும் வதைபட்டு மாண்டனரே, அந்த நிலையத்துக் கேமரா என்ன காட்டிற்று? பதிவு அன்றாடம் தானே அழியும்படி அமைத்திருந்தார்கள் என்றது நடுவரின் அறிக்கை. அழியக்கூடாதது அழிகிறது, பரவக்கூடாதது பரவுகிறது!

படமே எடுக்காதே என்று நாம் கூறவில்லை. எடு, நிலையத்துக்குள்ளே நடப்பதையும் சேர்த்து எடு, நீதிமன்றத்திலே கொடு. வெளியே கசிந்தால், கசியவிட்ட கை எது என்று கண்டு தண்டனை கொடு. இதுதான் நம் கோரிக்கை.

அன்று மேன்ஷன்வாசி. நாளை, பாண்டி பஜாரிலே மூட்டை தூக்கும் தோழன் சந்தேகத்தின்பேரில் பிடிபடலாம். 'இவனல்ல' என்று மாலையிலே விட்டும் விடலாம். திரையிலே ஏற்றிய முகத்தை யார் இறக்குவது?